குங்குமப்பூ ஜின்: நிறம் வெளுத்தால் கெட்டுவிட்டதாகப் பொருளா?

கேள்வி: பிரான்சிலிருந்து வாங்கி வந்த குங்குமப்பூ ஜின்னைத் திறந்து, சன்னலோர அலமாரியில் வைத்திருந்தேன். சில மாதங்களில் ஆரஞ்சு நிறம் வெளுத்துவிட்டது. கெட்டுவிட்டதா? மற்ற ஜின்களில் காணும் ‘லண்டன்’ என்ற சொல் இதில் ஏன் இல்லை? எதனுடன் கலந்து அருந்தலாம்?

பதில்: கெடவில்லை. ஏறத்தாழ 40 விழுக்காடு ஆல்கஹால் உள்ள பானத்தில் கிருமிகள் வளர வழியில்லை. நிறம் போனதற்குக் காரணம் சன்னல் வெளிச்சம்.

குங்குமப்பூவுக்கு நிறம் தருவது குரோசின், கசப்பைத் தருவது பிக்ரோகுரோசின், மணம் தருவது சாஃப்ரனால். இம்மூன்றில் ஆவியாகும் தன்மை சாஃப்ரனாலுக்கே உண்டு என்பதால், ஜின்னைக் காய்ச்சி வடிக்கும்போது மணம் ஆவியோடு ஏறிச் செல்ல, நிறம் கொப்பரையின் அடியிலேயே தங்கிவிடுகிறது. எனவே வடிகலனிலிருந்து இறங்கும் ஜின், எவ்வளவு குங்குமப்பூ போட்டு வடித்ததாயினும், தண்ணீர் போலத்தான் இருக்கும். ஆரஞ்சு நிறம் பின்னர் சேர்ந்தது: வடித்த ஜின்னில் குங்குமப்பூவை ஊறவைத்திருப்பார்கள், அல்லது உணவுச் சாயம் கலந்திருப்பார்கள். ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பூக்களைப் பறிக்க வேண்டியிருப்பதை நினைத்தால், சாயத்தை நாடுவதில் வியப்பில்லை. புட்டியின் பின்புறச் சீட்டைப் படித்துப் பாருங்கள். குரோசின் ஒளியிலும் காற்றிலும் சிதைந்துவிடும். ஆகவே நிறம் வெளுத்ததைப் போலிக்கு அடையாளமாகக் கொள்ளத் தேவையில்லை.

‘லண்டன்’ என்பது ஊரைக் குறிப்பதன்று, செய்முறையைக் குறிப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, அப்பெயர் தாங்கும் ஜின்னில் சுவை முழுவதும் வடித்தலின்போதே சேர்ந்திருக்க வேண்டும். பிறகு தண்ணீரும், சுவையற்ற தூய ஆல்கஹாலும், லிட்டருக்கு 0.1 கிராமுக்கு மிகாத இனிப்பும் தவிர வேறெதுவும், நிறம் உட்பட, சேர்க்கக் கூடாது. ஆரஞ்சு நிற ஜின் அவ்வரம்புக்குள் வர இயலாது. பிளாக்கரண்ட் பழத்தின் இனிப்பு மதுவான கிரெம் தெ காசிஸுக்குப் பெயர்பெற்ற, பிரான்சின் திஜோன் நகர காப்ரியேல் பூதியே நிறுவனத்தின் குங்குமப்பூ ஜின் இவ்வகையில் நன்கறியப்பட்டது. அதில் ஜின்னின் அடிப்படைச் சுவையான ஜூனிபர் காய், கொத்தமல்லி விதை, எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல், சோம்பு முதலியவையும் சேர்கின்றன.

இனி மணம் எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தேக்கரண்டி ஜின்னில் அதே அளவு தண்ணீர் சேர்த்து முகர்ந்தால், காய்ந்த வைக்கோலும் தேனும் கலந்தாற்போன்ற வாசம் எழ வேண்டும். எழுந்தால் 50 மில்லிக்கு 100 மில்லி சாதாரண டானிக் வாட்டர் சேர்த்து, ஓர் ஆரஞ்சுத் துண்டு போடுங்கள். டானிக்கிலுள்ள குயினைனின் கசப்பு குங்குமப்பூவின் கசப்போடு சேர்வதால், கசப்பை விரும்பாதவர்கள் பாதி டானிக், பாதி சோடா எனக் கலக்கலாம். மணமூட்டிய டானிக் வகைகள் வேண்டாம். குங்குமப்பூவை அவை அமுக்கிவிடும். அழகுக்காகக் குளிர்ந்த குவளையில் குங்குமப்பூ இழைகளை மிதக்கவிடுவதும் வீண் செலவுதான். சுவை வேண்டுமெனில் அவற்றை ஒரு கரண்டி ஜின்னில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பிறகு ஊற்றுங்கள். எஞ்சியதை இறுக மூடி, இருட்டான அலமாரியில் வையுங்கள். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால், சிறிய புட்டிக்கு மாற்றுவது நல்லது.