வேகமான வண்டியைச் சொந்தமாக விற்பது: கேட்டவர்களுக்குப் பதில்

போலோ ஜிடி, லீனியா டி-ஜெட், ஆக்டேவியா ஆர்எஸ், ஐ20 என் லைன் மாதிரி கார்களை ஆசையாக வைத்திருந்து, கன்சல்டிங்கில் (பழைய கார் வாங்கி விற்கும் கடையில்) தள்ளிவிட மனசு வராமல் நேரடியாக விற்க நினைப்பவர்கள் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள வண்டி என்று வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

அண்ணா, என்னுடையது 2015 போலோ ஜிடி டிஎஸ்ஐ. கன்சல்டிங்கில் சாதாரண போலோவுக்குச் சொல்லும் விலையைத்தான் சொல்கிறார்கள். நேரடியாக விற்றால் கூடக் கிடைக்குமா?

கிடைக்கும் தம்பி, ஆனால் நேரம் பிடிக்கும். கன்சல்டிங்காரர் பார்ப்பது வருஷம், கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், அடிபட்டதா இல்லையா, அவ்வளவுதான். அவரிடம் வாங்க வருபவர்களில் பாதிப் பேருக்கு 1.2 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல் எஞ்சின்) என்றால் என்னவென்றே தெரியாது, அதனால் அவர் அதற்குக் காசு கொடுக்க மாட்டார். இதற்கென்றே தேடுபவர் கேட்கும் கேள்விகளே வேறு: டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) மெக்கட்ரானிக், அதாவது அதன் கட்டுப்பாட்டு யூனிட், மாற்றியதா, கிளட்ச் பேக் எப்போது போட்டது, ஆயில் கம்பெனி சொன்ன 502 00 ஸ்பெக்தானா, டயர் எந்த வருஷத்தது. இதற்கெல்லாம் கையில் பதில் இருந்தால் விலை தானாக நிற்கும். பில்களைத் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போடுங்கள், வெளி மெக்கானிக் கொடுத்த துண்டுச்சீட்டு உட்பட. ஓபிடி ஸ்கேன் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிப்பது) ஒன்று எடுத்து அந்த ரிப்போர்ட்டையும் வையுங்கள். டயரின் பக்கச்சுவரில் இருக்கும் 4 இலக்கத்தை (2319 என்றால் 2019இன் 23வது வாரம்) நீங்களே படம் எடுத்துப் போட்டுவிட்டால், அதைச் சொல்லிப் பேரம் பேச யாருக்கும் இடம் இருக்காது.

விளம்பரப் படத்தில் நம்பர் பிளேட்டை மறையுங்கள். ஆர்சி, ஆதார் எதையும் வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் ஆர்சி படத்தை வைத்துக்கொண்டு, தானே ஓனர் என்று சொல்லி வேறு யாரிடமாவது அட்வான்ஸ் வாங்கும் கும்பல் இருக்கிறது. நேரில் வருபவருக்கு நேரில் காட்டினால் போதும்.

ஸ்டேஜ் 1 ரீமேப் (பவர் கூட எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது) போட்டிருக்கிறேன் சார். ஸ்டாக்குக்கு, அதாவது கம்பெனி கொடுத்த நிலைக்கு, திருப்பிவிட்டு, எதுவும் சொல்லாமல் விற்கலாமா?

ஸ்டாக்குக்குத் திருப்பலாம், நல்லதும்கூட. சொல்லாமல் விற்கக் கூடாது. ரீமேப் ஓடிய வண்டியில் கிளட்சும் கியர்பாக்ஸும் கூடுதல் டார்க்கை (முறுக்குவிசையை) தாங்கி ஓடியிருக்கின்றன, சாஃப்ட்வேரை மாற்றினால் அந்தத் தேய்மானம் போய்விடாது. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டியாக இருந்தால், கம்பெனி சர்வீஸில் ஒருமுறை கண்டுபிடித்து டிடி1 (ரீமேப் போட்ட வண்டி என்ற குறி) என்று குறித்துவிட்டால் அந்தப் பதிவு அவர்கள் சிஸ்டத்திலேயே இருக்கும். வாங்கியவர் முதல் சர்வீஸுக்குப் போகும் அன்றே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் சண்டையில் நியாயம் அவர் பக்கம். தெரிந்த விஷயத்தைத் திட்டமிட்டு மறைப்பதை 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவே மோசடி என்கிறது. யார் போட்டது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். விவரம் தெரிந்தவர் ரீமேப்புக்காக ஓடிப்போக மாட்டார், மறைத்ததாகத் தெரிந்தால்தான் போவார்.

எக்ஸாஸ்ட், கலர் மாதிரி வெளியே தெரியும் மாற்றங்கள் தனிக்கதை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. ஸ்டாக் பாகங்கள் பரணில் இருந்தால் எடுத்து மாட்டுங்கள், சத்தம் போடும் பைப்பைத் தனியாக விற்றுக்கொள்ளலாம். பெயர் மாற்றும்போது ஆர்டிஓ ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்கக் கேட்டால் சிக்கல் இருக்காது.

வருபவர்கள் எல்லோரும் "ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன்" என்று பிடித்து மிதிக்கிறார்கள் அண்ணா. வாங்குகிற மாதிரியும் தெரியவில்லை. டெஸ்ட் டிரைவ் கொடுக்கவே பயமாக இருக்கிறது.

இந்த மாதிரி வண்டிக்கு இது பெரிய தொல்லைதான். சும்மா ஓட்டிப் பார்க்க வருபவர்களை ஃபோனிலேயே கழித்துவிடலாம். என்ன வண்டி வைத்திருக்கிறார், எதற்காக இந்த வண்டி, பணம் கையில் இருக்கிறதா லோனா, இந்த மூன்றைக் கேளுங்கள். உண்மையாக வாங்க வருபவர் பொறுமையாகப் பதில் சொல்வார், கேள்வியும் கேட்பார். முதல் பேச்சிலேயே "டாப் ஸ்பீடு எவ்வளவு ஏத்தினீங்க" என்று ஆரம்பிப்பவர் பெரும்பாலும் வாங்குவதில்லை.

வந்த பிறகு முதலில் லைசென்ஸ். ஒரிஜினலைப் பார்த்து, அரசின் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டு, செல்லுமா என்று பாருங்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி இடித்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார், அடிபட்டவருக்கான நஷ்ட ஈடும் உங்கள் தலையில் விழலாம். எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆவதை அவர் பார்ப்பதுதான் நியாயம், அவருக்கும் நம்பிக்கை வரும். முதலில் நீங்கள் ஓட்டுங்கள், அவர் பக்கத்தில் உட்காரட்டும், ஆயில் சூடாகும்வரை டர்போவுக்கு வேலை கொடுக்காமல் ஓட்டிக் காட்டுங்கள். அப்புறம்தான் அவர் கையில்.

சீட் மாறும் அந்த அரை நிமிஷத்தில் கவனம் தேவை. நீங்கள் இறங்கி வண்டியைச் சுற்றி வருவதற்குள், பக்கத்து சீட்டில் இருப்பவர் இந்தப் பக்கம் நகர்ந்து ஓட்டிக்கொண்டு போய்விடலாம். புஷ் பட்டன் வண்டியில் சாவி உங்கள் பையில் இருந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் நிற்காது, எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே போய்க்கொண்டிருக்கும். அதனால் எஞ்சினை அணைத்து, சாவியோடு இறங்கி, அவரையும் இறங்கச் சொல்லி, நீங்கள் முதலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த பிறகு சாவியைக் கொடுங்கள். ரெண்டாவது சாவி வீட்டிலேயே இருக்கட்டும். பானட்டைத் திறந்து பார்க்கும்போதும் பக்கத்திலேயே நில்லுங்கள், ஒரு இக்னிஷன் காயில் கனெக்டரைத் தளர்த்தி எஞ்சினைத் திணற வைத்துவிட்டு "மிஸ்ஃபயர் ஆகுது பாருங்க" என்று விலையைக் குறைப்பவர்களும் உண்டு.

நான் வீட்டில் தனியாக இருக்கும் பெண். என் ஐ20 என் லைனைப் பார்க்க வருபவர்களுக்கு வீட்டு விலாசம் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது.

கொடுக்கவே வேண்டாம்மா. நீங்கள் வழக்கமாக சர்வீஸ் விடும் ஒர்க்‌ஷாப் வாசலில் பகல் நேரத்தில் வரச்சொல்லுங்கள். வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கவும் வசதி, கேமராவும் ஆட்களும் இருப்பார்கள். டெஸ்ட் டிரைவுக்கு உங்களோடு ஒருவர் பின்சீட்டில் வரட்டும், வருபவர் பக்கம் ஒருவருக்கு மேல் வண்டியில் ஏற்றாதீர்கள். வண்டியைக் கொடுக்கும் முன், காரை ஃபோனோடு இணைக்கும் புளூலிங்க் ஆப்பிலிருந்து உங்கள் கணக்கைக் கட்டாயம் நீக்குங்கள். திரையில் சேமித்த வீட்டு விலாசம், ஃபோன் நம்பர்கள், டேஷ்கேம் கார்டு எல்லாவற்றையும் அழியுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பணத்தை எப்படி வாங்குவது சார்? ஒருவர் ராணுவத்தில் இருக்கிறேன், வண்டியைப் பார்க்காமலேயே வாங்குகிறேன், கியூஆர் அனுப்புகிறேன் என்கிறார்.

அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள். ராணுவ வீரர் என்று சொல்லிக்கொண்டு கியூஆர் அனுப்புவது ரொம்ப வருஷமாக நடக்கும் ஏமாற்று. பணம் வாங்குவதற்கு கியூஆர் ஸ்கேன் செய்ய வேண்டியதே இல்லை, பின் நம்பரும் போட வேண்டியதில்லை. பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும். ஏற்கெனவே போய்விட்டது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம்.

டோக்கன் அட்வான்ஸ் யுபிஐயில் வாங்கலாம். மீதி ஆர்டிஜிஎஸ், அதுவும் வாங்குபவரின் சொந்தக் கணக்கிலிருந்து. மச்சான் கணக்கு, கம்பெனி கணக்கு என்று வந்தால் நாளைக்கு அந்தக் கணக்குக்காரர் புகார் கொடுக்கும்போது முடக்கப்படுவது உங்கள் கணக்கு. 2020 டிசம்பரிலிருந்து ஆர்டிஜிஎஸ் 24 மணி நேரமும் ஓடுகிறது, ஆகவே "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, திங்கள்கிழமை ஏறிடும், வண்டியை எடுத்துக்கிறேன்" என்பதெல்லாம் செல்லாது. அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸையும் நம்பாதீர்கள், வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள். டிமாண்ட் டிராஃப்ட் என்றால் அதைக் கொடுத்த வங்கிக் கிளைக்கே இருவரும் போங்கள். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் என்கிறது வருமான வரிச் சட்டம். அந்த அபராதம் வாங்கியவருக்கு, அதாவது உங்களுக்கு.

பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. வாங்கியவர் "மெதுவா மாத்திக்கிறேன்" என்கிறார். எனக்கு என்ன ஆகும்?

இதைத்தான் நான் எல்லோரிடமும் சண்டை போட்டுச் சொல்கிறேன். அந்தக் கையெழுத்து உங்களைக் காப்பாற்றாது. 2007இல் ஒருவர் தன் மாருதி 800ஐ விற்றார், வண்டி பல கை மாறியது, யாரும் பெயரை மாற்றவில்லை. 2009இல் அந்த வண்டி ஒரு விபத்தில் சிக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018இல் தீர்ப்பு வந்தது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், நஷ்ட ஈடு அவர் பொறுப்பு. விற்ற ஆதாரம் கையில் இருந்தும் பயன்படவில்லை. 230 குதிரைத்திறன் வண்டியை 22 வயதுப் பையன் வாங்கிக்கொண்டு போகிறான் என்றால் நினைத்துப் பாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் நீங்கள் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். அவர் செய்வார் என்று காத்திருக்காதீர்கள். விண்ணப்பத்தை வாகன் தளத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து போட்டு, ஃபீஸ் கட்டிய ரசீது கைக்கு வந்த பிறகு வண்டியைக் கொடுங்கள். ஓடிபி வரும் மொபைல் எண் பழையதாக இருந்தால் விளம்பரம் போடும் முன்பே மாற்றிவிடுங்கள், நிலுவையில் உள்ள இ-சலானையும் கட்டிவிடுங்கள். டெலிவரி நோட்டில் தேதி மட்டும் போதாது, மணி, நிமிஷம், ஓடோமீட்டர் ரீடிங் எல்லாம் இருக்கட்டும், அன்று மாலையே அவர் சிக்னல் தாண்டினால் உதவும். பெயர், தேதி நிரப்பாத 29, 30ஐ யாரிடமும் கொடுக்காதீர்கள், புரோக்கர் எவ்வளவு வேண்டப்பட்டவராக இருந்தாலும் சரி. பிறகு வாரம் ஒருமுறை எம்பரிவாகன் ஆப்பில் பாருங்கள், ஓனர் பெயரில் சில எழுத்து மறைந்திருந்தாலும் மாறியது தெரியும்.

உங்கள் விஷயத்தில் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். இன்றே நகல்களோடு ஆர்டிஓவுக்கு எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள், வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். ஒருவேளை வாங்கியது கன்சல்டிங் என்றால், 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் விடும்போது ஃபார்ம் 29சி மூலம் ஆன்லைனில் தெரிவிக்க வழி உண்டு. அதைச் செய்தால் பொறுப்பு டீலருக்குப் போகும். அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறினால் புரிந்துகொள்ளலாம்.

வண்டி மேல் இன்னும் லோன் இருக்கிறது.

வாங்குபவரோடு வங்கிக்குப் போய் லோனை முடிக்கும் தொகைக்கான கடிதம் வாங்குங்கள். அந்தத் தொகையை அவர் நேராக லோன் கணக்கில் கட்டட்டும், மீதி உங்களுக்கு. வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபனை இல்லாச் சான்று) ஃபார்ம் 35உம் வந்து ஆர்சியில் எச்பி (வண்டி மேல் லோன் இருப்பதாக உள்ள பதிவு) நீங்கிய பிறகே வண்டி கைமாற வேண்டும். இடைப்பட்ட நாட்களுக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்.

பெங்களூர்க்காரர் ஒருவர் நல்ல விலை சொல்கிறார்.

நல்லதுதான், வேலை கொஞ்சம் கூடும். ஃபார்ம் 28இல் உங்கள் ஆர்டிஓவிடம் என்ஓசி எடுக்க வேண்டும், வெளிமாநிலம் என்பதால் தெரிவிக்க 45 நாள் அவகாசம். அங்கே வரி கட்டிப் பதிவது அவர் வேலை, அதைப் பேச்சிலேயே தெளிவாக்குங்கள். என்ஓசி கைக்கு வரும்வரை வண்டி உங்களிடமே இருக்கட்டும்.

அப்பா தவறிவிட்டார். அவருடைய ஆக்டேவியா ஆர்எஸ் சும்மா நிற்கிறது. அவர் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 29 ஒன்று டிராயரில் இருக்கிறது. அதை வைத்து விற்றுவிடச் சொல்கிறார் புரோக்கர்.

வருத்தமாக இருக்கிறது தம்பி. புரோக்கர் சொல்வதைச் செய்யாதீர்கள், இறந்த பிறகு அந்தத் தாளில் தேதி போட்டால் அது மோசடி ஆவணம். இறந்த 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, ஃபார்ம் 31இல் 3 மாதத்துக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். நாள் தாண்டியிருந்தால் அபராதத்தோடு செய்யலாம். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், அம்மா மற்றும் உடன்பிறந்தவர்களின் சம்மதக் கடிதம் தயார் செய்யுங்கள். இன்சூரன்ஸையும் மாற்றுங்கள். அதன் பிறகு நிதானமாக விற்கலாம். அதுவரை வாரம் ஒருமுறை வண்டியைச் சூடேறும்வரை ஓட்டுங்கள், பேட்டரி சாகாமல் இருக்கும். அப்பா கடைசியாக டிஎஸ்ஜி ஆயில் மாற்றியது எப்போது என்று பில்லில் தேடுங்கள். ஆர்எஸ் 230 என்றால் ஈரக் கிளட்ச் (ஆயிலில் மூழ்கி ஓடும் கிளட்ச்) கியர்பாக்ஸ், அந்த ஆயிலை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாங்க வருபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

இன்சூரன்ஸ் என்சிபி (க்ளெய்ம் எடுக்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி), ஃபாஸ்டேக் இரண்டும் என்ன ஆகும்?

என்சிபி வண்டியோடு போகாது, அது உங்களுடையது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதமாக வாங்கிவைத்தால் 3 வருஷத்துக்குள் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். 50 சதவீதம் வரை சேர்ந்திருந்தால் விடாதீர்கள். பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவருக்கு 14 நாள். ஃபாஸ்டேக்கை வங்கியில் சொல்லி மூடிவிட்டு, ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு வண்டியைக் கொடுங்கள்.

விற்று ஒரு வாரம் ஆகிறது. கியர்பாக்ஸ் ஜெர்க் அடிக்கிறது, பாதிப் பணம் கொடு என்று தினமும் ஃபோன் செய்கிறார்.

விற்கும்போது ஸ்கேன் ரிப்போர்ட் கொடுத்தீர்களா, அவர் மெக்கானிக்கை வைத்துப் பார்த்தாரா, ஒப்பந்தத்தில் "உள்ள நிலையில் பார்த்து, ஓட்டி, வாங்கிக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டாரா? மூன்றும் ஆம், நீங்கள் எதையும் மறைக்கவும் இல்லை என்றால் பணம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஃபோனில் வாக்குவாதம் வேண்டாம், ஒருமுறை எழுத்தில் பணிவாகப் பதில் சொல்லுங்கள், நல்ல டிஎஸ்ஜி மெக்கானிக் தெரிந்தால் நம்பர் கொடுங்கள். பெயர் மாறிவிட்டதா என்று மட்டும் முதலில் பாருங்கள். மாறவில்லை என்றால், இந்தச் சண்டையைச் சாக்காக வைத்து அவர் அதையும் இழுத்தடிப்பார், அதனால் நாளைக் காலையிலேயே ஆர்டிஓ ஆபீஸ் போய்விடுங்கள்.