“12 வருடத்தில் இரட்டிப்பு” என்றால் லாபம் இல்லை

கேள்வி: விசைப்படகில் எங்களுக்கு இருந்த பங்கை விற்று 7 லட்சம் வந்தது. சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. கணவர் இப்போது வேறு படகில் கடலுக்குப் போகிறார். மகளுக்கு 8 வயது. 20 வயதில் பணம் தேவைப்படும். அதற்குள் விலைவாசியில் தேய்ந்துவிடும் என்கிறார்களே? ஒருவர் 2 வட்டி தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் 12 வருடத்தில் இரட்டிப்பாகும் பாலிசி என்கிறார்.
– வாசகி, பாம்பன்

பதில்: தேயும் என்பது உண்மைதான் அம்மா. இன்று கிலோ விளைமீன் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் அதே கிலோ 1,000 ரூபாய். ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம்தான். ஆனால் பள்ளிக் கட்டணமும் ஆஸ்பத்திரிச் செலவும் அந்த இலக்கைக் கேட்டுக்கொண்டா ஏறுகின்றன? வீட்டுக் கணக்குக்கு 6 என்றே போடுங்கள்.

இன்று 6 லட்சத்தில் முடிகிற காரியத்துக்கு அன்று 12 லட்சம் வேண்டும். சேமிப்புக் கணக்கில் இரண்டரை சதவீத வட்டிக்கு 6 லட்சம் 8 லட்சம்தான் ஆகும். 4 லட்சம் துண்டு விழும்.

பாலிசியின் இரட்டிப்பும் இதே கணக்குதான். 12 வருடத்தில் இரண்டு மடங்கு என்றால் வருடத்துக்கு 6 சதவீதம். விலைவாசியும் அதே வேகத்தில் ஏறியிருக்கும். உங்களுக்கு மிச்சம் ஒன்றுமில்லை, முகவருக்குக் கமிஷன் மிச்சம். வைப்புத்தொகை போடப் போகிறவர்களை வங்கிக் கவுண்டரிலேயே பாலிசிக்குத் திருப்பிவிடுகிறார்கள், கேட்பார் இல்லை.

2 வட்டிப் பக்கமே போகாதீர்கள். 1 லட்சத்துக்கு மாதம் 2,000 வீதம் எட்டு மாதம் தவறாமல் வரும். அந்த 16,000 நீங்கள் கொடுத்த காசிலிருந்தே வருவது. ஊரே நம்பிப் பணம் போட்ட பிறகு ஆள் இருக்கமாட்டார்.

7 லட்சத்தில் 1 லட்சத்தை மட்டும் சேமிப்புக் கணக்கிலேயே விடுங்கள். தேய்ந்தாலும் பரவாயில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவருக்கு வருமானம் இல்லை. கையில் காசு இல்லாவிட்டால் வியாபாரியிடம் முன்பணம் வாங்க நேரும், வட்டிக்கடையில் நிற்க நேரும். விலைவாசி வருடத்துக்கு 1 லட்சத்தில் 6,000 தின்னும். 5 வட்டிக் கடன் என்றால் அதே 1 லட்சத்துக்கு இரண்டே மாதத்தில் 10,000 தின்னும். அதனால் தடைக்காலப் பணத்தை எதிலும் பூட்டாதீர்கள், தங்கத்திலும் போடாதீர்கள்.

மீதி 6 லட்சத்துக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம். மகளுக்கு 10 வயது ஆவதற்குள் அஞ்சலகத்தில் கணக்கு தொடங்கிவிட வேண்டும். 2024 ஜனவரியில் வட்டியை 8.2 சதவீதமாக்கினார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறலாம், கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். வட்டிக்கு வரி இல்லை. வருடத்துக்கு 1.5 லட்சம்தான் கட்டலாம் என்பதால் நான்கு வருடத்தில் கட்டி முடியுங்கள். காத்திருக்கும் தொகையை ஒன்று, இரண்டு, மூன்று வருட வைப்புகளாகப் பிரித்துப் போடுங்கள். 8.2 நீடித்தால் மகளின் 20 வயதில் சுமார் 13.75 லட்சம் இருக்கும். 18 வயதுக்குப் பிறகு படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். கல்யாணம் என்றால் கணக்கையே முடித்துக்கொள்ளலாம்.

மகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் அட்டையுடன் நீங்களே போங்கள். அடுத்த வருடங்களில் ஏப்ரல் 5-க்குள் கட்டினால் அந்த மாத வட்டியும் சேரும். பாஸ்புக்கில் தொகை பதிவாகியிருப்பதைப் பார்க்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.