ரத்தம் கசியும் ஈற்றைத் துலக்காமல் விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. பெரம்பூரில் வசிக்கிறேன். சில மாதங்களாகப் பல் துலக்கும்போது ஈற்றில் ரத்தம் கசிவதால், அந்தப் பக்கத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டு, உப்பும் கரித்தூளும் கலந்து விரலால் தேய்க்கிறேன். பல் மருத்துவரிடம் சுத்தம் செய்துகொண்டால் பற்கள் ஆடிவிடும் என்கிறார் என் மாமியார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டிலேயே இதைச் சரிசெய்ய வழி உண்டா?

பதில்: ரத்தம் வரும் இடத்தைத் துலக்காமல் விடுவதுதான் உங்கள் தொல்லையை வளர்க்கிறது. ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் கிருமிகள் மெல்லிய படலமாகப் படிகின்றன. அதை அன்றாடம் அகற்றாவிட்டால் ஈறு சிவந்து வீங்கி, லேசாகத் தொட்டாலே கசியத் தொடங்குகிறது. அதே படலம் உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சில நாட்களில் காரையாக இறுகிவிட்டால், பிறகு எந்தப் பிரஷாலும் அதைப் பெயர்க்க முடியாது. கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தை நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அது பெரும்பாலும் காரைதான்.

உப்பையும் கரித்தூளையும் இன்றே நிறுத்திவிடுங்கள். அந்தத் துகள்கள் எனாமலைத் தேய்த்துக் கூச்சத்தை உண்டாக்கும். ஈற்று விளிம்பில் உள்ள படலமோ அப்படியே இருக்கும். 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று சொன்ன நம் முன்னோர், குச்சியை மென்று நாராக்கிக்கொண்ட பிறகே பல் துலக்கினார்கள். அந்த நார் செய்த வேலையை இன்று மென்மையான இழைகள் கொண்ட பிரஷ் செய்கிறது. பிரஷைப் பென்சில் பிடிப்பதுபோல் லேசாகப் பிடித்து, இழைகள் பாதி ஈற்றிலும் பாதி பல்லிலும் படும்படி 45 பாகை சாய்த்து வையுங்கள். இரண்டிரண்டு பற்களாக, இருந்த இடத்திலேயே மெல்ல அசைத்துவிட்டு, ஈற்றிலிருந்து பல் நுனியை நோக்கித் துடைத்தெடுங்கள். முன்பற்களின் உட்புறத்துக்குப் பிரஷை நெட்டுக்குத்தாகப் பிடிக்க வேண்டும். குறுக்கே இழுத்து அழுத்தித் தேய்ப்பதால் ஈறு கீழிறங்குமே தவிர, கூடுதல் சுத்தம் கிடைக்காது. ஃபுளோரைடு கலந்த பற்பசையைப் பட்டாணி அளவு எடுத்து, காலையிலும் இரவு படுக்குமுன்னும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். நுரையைத் துப்பினால் போதும், நிறைய நீரால் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். இரவுத் துலக்கலுக்குப் பின் தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். பல் இடுக்குகளுக்கு அதற்கென உள்ள சிறு பிரஷ் கடைகளில் கிடைக்கிறது.

இப்படிச் செய்யத் தொடங்கிய முதல் சில நாட்களில் ரத்தம் வரத்தான் செய்யும். அஞ்சி நிறுத்திவிடாதீர்கள். வெறும் ஈறு அழற்சி என்றால் இரண்டு வாரங்களில் கசிவு நன்றாகக் குறையும்.

ஆனால் காரை இருந்தால், பல் மருத்துவர் கருவியால் அதைப் பெயர்த்தெடுக்கும் 'ஸ்கேலிங்' செய்தே ஆக வேண்டும். உங்கள் மாமியாரைப் போல் அஞ்சுவோர் பலர். பல்லை ஆட்டம் காணச் செய்வது சுத்தம் செய்யும் கருவியன்று. காரையின் அடியில் கிருமிகள் எலும்பைக் கரைத்திருப்பதே காரணம். காரை எடுத்ததும் இடுக்குகள் வெளிப்படுவதால் பல் இளகியதுபோல் தோன்றும். கூச்சம் சில நாட்களில் அடங்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்புவதில்லை என்பதால்தான் காலந்தாழ்த்த வேண்டாம் என்கிறேன்.

சர்க்கரை நோய் இருப்பதால் நீங்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும். ஈற்று அழற்சி நீடித்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுப்பவராக இருந்தால், சிலருக்கு அதனாலும் ஈறு தடிக்கும் என்பதால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சீழ், பல் ஆட்டம், முக வீக்கம், காய்ச்சல் இவற்றில் எது தென்பட்டாலும் இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே செல்லுங்கள். செலவைப் பற்றிய கவலை இருந்தால், கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஈறு நோய்க்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. போகும்போது அண்மையில் எடுத்த சர்க்கரைப் பரிசோதனை முடிவையும் மாத்திரைச் சீட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.