அன்று ஸ்கேனில் ஒன்றுமில்லை, இன்று ரத்தக்கட்டா?

கேள்வி: மாந்தோப்பில் வழுக்கி விழுந்த அப்பாவுக்கு (72) அன்றைய ஸ்கேனில் கோளாறு இல்லை. ஐந்து வாரம் கழித்து இடது கால் இழுக்கிறது, பெயர்கள் மறக்கின்றன. மண்டையில் துளை போடணுமாம். பயமாக இருக்கிறது.
- வாசகி, பாலக்கோடு

பதில்: அன்றைய ஸ்கேன் பொய் சொல்லவில்லை. வயதாக ஆக மூளை சுருங்கும். அதன் மேல்புறத்து ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான அடியிலேயே கசிந்து, ரத்தம் வாரக்கணக்கில் சேரும். இப்போது அது நீர்த்து எஞ்சின் ஆயில் போல இருக்கும் என்பதால் மண்டையைப் பெரிதாகத் திறக்க வேண்டியதில்லை. ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் ஒன்றிரண்டு துளை, தெளிவாக வரும்வரை சலைன் விட்டுக் கழுவல், பிறகு சுமார் 48 மணி நேரம் வடிகுழாய். மரத்துப்போகும் ஊசியிலேயே செய்வதும் உண்டு. மூளை அறுவைகளில் பலன் நன்றாகத் தெரிகிற ஒன்று இது. கால் பலம் பெரும்பாலும் சில நாளில் திரும்பும்.

வடிகுழாய் வைத்தாலும் சுமார் பத்தில் ஒருவருக்கு மறுபடி சேரலாம். வீட்டுக்கு வந்தபின் தலைவலி கூடினால், பகலெல்லாம் தூங்கி வழிந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்பா ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறாரா? மாத்திரை அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள். நிறுத்துவதும் தொடங்குவதும் டாக்டர் சொல்லும் தேதியில்தான்.