உறைபனி விழவைக்கும் பெண் குற்றவாளியா?

வணக்கம் சகோ. உங்கள் கதையில் கோத்தகிரிப் பெண் பயந்தால் அவளைச் சுற்றி உறைபனி விழுகிறது. முதல் முறை பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை கருகுகிறது. அடுத்த முறை காவலுக்குப் படுத்திருந்த தாத்தா விறைத்துச் செத்துப்போகிறார். ‘சக்தி அவள் கட்டுப்பாட்டிலேயே இல்லை, எப்படிக் குற்றம் சொல்வது?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். முதல் தடவை அவளுக்கு எதுவுமே தெரியாது, பழி இல்லை. கருகிய இலையைப் பார்த்த காலையிலேயே கணக்கு மாறிவிடுகிறது. பனியை நிறுத்த முடியாதுதான். ஆனால் தாத்தாவை வேறு இடத்தில் படுக்கச் சொல்லியிருக்கலாமே? டிசம்பர், ஜனவரியில் நீலகிரி விவசாயியால் பனியைத் தடுக்கவா முடிகிறது? செடியை மூடுகிறார், ஸ்பிரிங்ளரில் தண்ணீர் தெளிக்கிறார். நம் சட்டமும் விபத்து என்று விட்டுவிடுவதற்கு முன்னால் உரிய கவனமும் எச்சரிக்கையும் இருந்ததா என்று பார்க்கிறது (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 18).

கண்ணகியோடு ஒப்பிட்டிருந்தீர்கள், எனக்கு அது ஒட்டவில்லை. முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடு என்று தீக்கு ஆணையிட்டவள் அவள். மதுரை எரிந்தது அவள் எடுத்த முடிவு.

என்னை உறுத்துவது கோத்தகிரிப் பெண்ணின் அம்மாதான். மகளுக்கு 14 வயது. எல்லாம் தெரிந்தும் ‘வெளியே மூச்சு விடாதே’ என்று வாயை அடைத்தது யார்? பொறுப்பில் பெரும்பங்கு அங்கே இருக்கிறது, நீங்கள் இரண்டே வரியில் தாண்டிவிட்டீர்கள். அம்மாவும் மகளும் தாத்தா வீட்டுக்குப் போய், அந்தப் பாட்டியிடம் நடந்ததைச் சொல்லும் காட்சி ஒன்று வேண்டும். அதைப் போலீஸ் வருவதற்கு முன்னால் வையுங்கள்.