கறிதோசையை விட்டால் கொலஸ்ட்ரால் இறங்கிவிடுமா?

எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 162 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை, கறிதோசையை நிறுத்தினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொந்தரவு இல்லாததை வைத்து ஆறுதல் அடையாதீர்கள், கொலஸ்ட்ரால் வலிக்காது. எல்.டி.எல். துகள்கள் ரத்தக்குழாயின் உட்சுவருக்குள் புகுந்து, ஆண்டுக்கணக்கில் கொழுப்புத் திட்டாகப் படிகின்றன. அந்தத் திட்டு கிழிந்து அதன்மேல் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

நம் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. அதனால் தட்டில் இருக்கும் கொலஸ்ட்ராலைவிட நெய், வனஸ்பதி, பாமாயிலில் நிறைய இருக்கும் நிறைவுற்ற கொழுப்புதான் பெரிய வில்லங்கம்: ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைக் கல்லீரல் இழுத்துக்கொள்ளும் வேகத்தை அது குறைக்கிறது. கறிதோசை பாவம், எப்போதோ வருகிற விருந்தாளி. என் சந்தேகம் தினசரி இரவுப் பரோட்டாவின் மேல்தான். மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு பரோட்டாக் கல்லருகே நின்று பாருங்கள்: பிசையும்போது ஒரு கை எண்ணெய், வீசும்போது ஒரு கை, கல்லில் போட்டபின் ஓரம் சுற்றி ஒரு கரண்டி. அது வனஸ்பதியா, பாமாயிலா என்று மாஸ்டரிடம் கேளுங்கள். எண்ணெயை வனஸ்பதியாகக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு, எண்ணெயிலும் வனஸ்பதியிலும் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 முதல் விதி இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு அப்படியேதான் இருக்கிறது.

(கடலை எண்ணெய் டின்னில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று அச்சடிப்பது, கீரைக்கட்டில் 'எலும்பு இல்லை' என்று எழுதுவது போலத்தான்.)

தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும்; பரம்பரையும் ஒரு காரணம். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவெடுப்பார். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்தால், எண் இறங்கியதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும்.