ஊர்தியின் உயரமும் வீதி வயரும்

கேள்வி: பொங்கல் பவனிக்கு எங்கள் சனசமூக நிலையம் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) இழுக்கும் பெட்டியில் ஊர்தி செய்கிறது. கணவர், மாமா, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்துதான் கட்டுகிறோம். பெட்டிக்கு மேல் பத்தடியில் கோபுரம். பிள்ளைகள் இருவரும் பானைக்குப் பக்கத்தில் நிற்பார்கள். வயரில் தட்டாதா என்று கேட்டால், “கமுகஞ்சலாகைதானே, மரத்தில் கரண்ட் பாயாது” என்கிறார் லைட் போட வந்தவர். நம்பலாமா? (சண்டிலிப்பாய் வாசகி)

பதில்: நம்ப வேண்டாம். புதிதாகத் தறித்த சலாகைக்குள் ஈரம் இருக்கும். தை மாதப் பனியும் விழுந்தால், அந்த ஈரமும் சலாகையைச் சுற்றிய கட்டுக்கம்பியும் கரண்டைப் பிள்ளையின் கைவரை கொண்டுவந்துவிடும். வீதியில் கீழே ஓடும் லைன் 230 வோல்ட். உச்சியில் ஓடுவது 11,000 அல்லது 33,000. அதைத் தொடவே தேவையில்லை, கிட்டப் போனாலே பாயும்.

கோபுரத்தைக் குறையுங்கள். பெட்டித் தளமே தரையிலிருந்து கிட்டத்தட்ட மூன்றடி. அதற்கு மேல் பத்தடி என்றால் பதின்மூன்று. ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு தொய்ந்து கிடக்கும் சேர்விஸ் வயருக்கு இது ஆகாது. கோபுரத்தை ஏழடியோடு நிறுத்துங்கள். வயரின் உயரம் பார்க்க அலுமினியக் கம்போ அளக்கும் இரும்பு ரேப்போ தூக்கவே கூடாது. மாமாவை வயருக்கு நேர் கீழே நிறுத்தி, தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள். மாமாவின் உயரம் தெரியும்தானே, வயர் அதைப்போல எத்தனை மடங்கு என்று பிள்ளைகளே கணக்குப் பார்த்துச் சொல்வார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில வீதிகளில் கறுப்பு உறை போட்டு முறுக்கிய வயர் ஓடுகிறது. ஊர்தி அதில் லேசாக உரசினால் வெறும் கம்பியில் பட்டதுபோல் உடனே அடிக்காது. ஆனால் அந்த உறை வெயிலில் வெடித்திருக்கலாம், கொப்பு உரசித் தேய்ந்திருக்கலாம், இணைப்புப் போட்ட இடத்தில் பிளந்திருக்கலாம். கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. “கறுப்பு வயர்தானே” என்று தடியால் தூக்கிவிட்டு ஊர்தியை நுழைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். அதைச் செய்ய யாரையும் விடாதீர்கள்.

லைட்காரருக்கு வருவோம். முற்பணம் வாங்குபவர் ஒருவர், அன்று வருபவர் இன்னொருவர். ஜெனரேற்றர் நின்றுபோனால் வீதி லைனில் கொக்கி போடுவார். அது களவு, உயிருக்கும் ஆபத்து. “பெர்மிசன் எடுத்துத் தருகிறேன்” என்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஒலிபெருக்கி அனுமதி பொலிசில் நீங்களே கேட்டு எடுப்பது. ஜெனரேற்றரும் வேண்டாம். புகை முழுக்கப் பிள்ளைகளின் முகத்தில்தான் அடிக்கும். 12 வோல்ட் எல்இடி பட்டியும் ஒரு கார் பற்றரியும் போதும். 60 வாட் வெளிச்சம் 5 அம்பியர் இழுக்கும். 70 அம்பியர்-மணிப் பற்றரியில் பாதியைச் செலவழித்தாலே ஏழு மணித்தியாலம் எரியும். பற்றரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 10 அம்பியர் பியூஸ் போடுங்கள். அலங்காரத்துக்கு ஒட்டும் ரெஜிபோமில் (தெர்மோகோல்) பல்ப் முட்டக் கூடாது.

பவனி போகும் பாதையை எழுதி, நிலையத்தின் கடிதத்தோடு மின்சார சபைக்குக் கொடுங்கள். பிரதேச சபைக்குப் போ, பொலிசுக்குப் போ, அங்கிருந்து திரும்ப வா என்று அலைக்கழிப்பார்கள். ஊர்ப் பிள்ளைகளின் விழாவுக்கு ஒரு மேசையில் ஒரு படிவம் வைக்க இத்தனை அலுவலகங்களாலும் முடியவில்லை என்பது வெட்கக்கேடு. அதற்காகக் கொடுக்காமல் விடாதீர்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.

பெட்டிக்கு அச்சு ஒன்றுதான். பாரம் பின்னுக்குப் போனால் முன்பக்கம் கிளம்பும். பானையும் பிள்ளைகளும் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். பிள்ளைகள் நிற்க வேண்டாம், உட்கார்ந்திருக்கட்டும்.

பவனியில் மாமா வயரைப் பார்த்தபடி முன்னால் நடக்கட்டும். அவர் கை தூக்கினால் ஊர்தி நிற்க வேண்டும். தப்பித்தவறி வயர் ஊர்தியில் விழுந்தால் மேலே இருப்பவர்கள் இறங்கக் கூடாது, கீழே நிற்பவர்கள் தொடக் கூடாது. மின்சார சபையின் 1987 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, லைனை நிறுத்தியாயிற்று என்று அவர்கள் சொன்ன பிறகே இறங்குங்கள். தீப்பிடித்தால் மட்டும் இரண்டு காலையும் சேர்த்துத் தரைக்குக் குதித்து, காலைச் சேர்த்தபடியே சிறு சிறு எட்டாக விலகுங்கள். இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே செய்து காட்டிவிடுங்கள்.